கையெழுத்து யாருடையது?

(நம் குடியிருப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோலப் போட்டி முடிந்த கையோடு கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்திரண்டு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துதான் செல்லும். அவர் கணக்கு விவரத்தை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. வங்கியில் கற்ற இந்த இரண்டு விதிகளும் கருக்கலைப்புச் சட்டத்திலும் இருக்கின்றன. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது குற்றமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் தண்டனை இருந்தது. அதற்காகக் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. ஒளிவுமறைவாக, தகுதியற்றவர்கள் கையில் நடந்தது. 1964-இல் அமைத்த சாந்திலால் ஷா குழு இதை ஆராய்ந்து பரிந்துரை செய்தது. அதன் பேரில் 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்தே, பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ தேவையில்லை. ஆனால் நடப்பு வேறு. எண்பதுகளின் கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வடக்கே வேலையில் இருந்தவர் லீவு கிடைத்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதற்குள் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. அன்றைய சட்டப்படி அதற்கு மேல் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். மறுபடியும் அலைச்சல். சட்டம் கேட்காத ஒரு கையெழுத்துக்காக அந்த உடம்பு பட்ட பாடு அது.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி போன்ற சிலருக்கு இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் கால வரம்பே இல்லை. கருத்தடை முறை பலிக்காமல் போனது பற்றிய பிரிவில் ‘கணவர்’ என்றிருந்த இடத்தில் ‘இணையர்’ என்று மாற்றினார்கள். பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

இருபத்தைந்து வயதுத் திருமணமாகாத பெண் ஒருவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2022 செப்டம்பர் 29-இல் தந்த விரிவான தீர்ப்பில், திருமணமானவர், ஆகாதவர் என்று இந்தச் சட்டத்தில் பேதம் பார்க்கக் கூடாது என்றது.

“அப்படியானால் பெண் சிசுவை அழிக்கவும் இது வழியாகாதா?” என்று கேட்பீர்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும். “கருவும் உயிர்தானே, பாவமில்லையா?” என்பவர்களையும் மதிக்கிறேன். அப்படி நினைக்கும் பெண் பெற்றுக்கொள்ளட்டும்; யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதே போல, முடியாது என்கிற பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சுமப்பவள் அவள்.

நம் குடியிருப்புக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, மருத்துவமனையில் கணவர் கையெழுத்து கேட்டால், சட்டத்தில் அது இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டு, மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடமும் சொல்லுங்கள். மாத்திரை முறை ஒன்பது வாரம் வரைதான், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகுதான். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் மாத்திரை அதைத் தீர்க்காது, உயிருக்கே ஆபத்தாகும். மூன்று, இங்கே வாடகைக்கு இருக்கும் இளம்பெண்கள் எந்த டாக்டரிடம் போனார்கள், ஏன் போனார்கள் என்பது லிஃப்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பேசும் விஷயமல்ல. பயந்து ஒளியும் பெண்தான் தாமதமாக, தவறான இடத்துக்குப் போகிறாள். மருத்துவரையே வாய் திறக்கக் கூடாது என்கிறது சட்டம். அக்கம்பக்கத்தவர் நாமும் வாயைக் கட்டலாம்.

சட்டத்தின் முக்கிய விஷயங்களை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆண்களும் நின்று படியுங்கள்.