ரயில் சக்கரத்தின் ஆயுசு



ரயில் கவிழ்ந்தால் நம் ஜனங்கள் முதலில் சொல்லுகிற வார்த்தை "விதி" என்பது. செத்தவனுக்கு ஆயுசு முடிந்தது, பிழைத்தவனுக்குக் கெட்டி ஆயுசு என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். சக்கரத்தின் ஆயுசு எவ்வளவு என்று கேட்பவர் யார்? அந்தச் சங்கதியைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியுமா? முடியாது. அதையே இப்படியும் அப்படியும் பல தடவை மடக்கினால் பட்டென்று ஒடிந்துவிடுகிறது. ரயில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நேருவது இதுவே. பாரமேற்றிய சரக்கு வண்டியில் ஒரு சக்கரம் பத்து டன் வரை, அதற்கு மேலும்கூடச் சுமக்கிறது. அது தண்டவாளத்தைத் தொடுகிற இடமோ ஒரு சிறு காசளவுதான். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 350 சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒரு அமுக்கு.

1842-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி பிரான்சு தேசத்தில் வெர்சேலிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் இன்ஜின் அச்சு ஒடிந்து, தீப்பற்றி, ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பெட்டிகளின் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். (இதுவும் விதிதானா?) ஓடி ஓடி இரும்பே பளிங்குபோல் மாறிவிடுகிறது என்று அக்காலத்து இன்ஜினீயர்கள் பலர் நம்பினார்கள். ஒடிந்த முகம் மினுமினுத்ததே அதற்கு அத்தாட்சியாம். மூடநம்பிக்கை படிக்காதவனிடம் மாத்திரம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வேலர் என்பவர் நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு அளவுகோலை எடுத்தார். 1850, 60-களில் அச்சுகளை இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, இவ்வளவு பாரத்துக்கு இத்தனை சுற்றில் ஒடிகிறது என்று எழுதிவைத்தார். ஒரு தடவையில் ஒன்றும் செய்யமுடியாத சிறு பாரம், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் ஒடித்துவிடும் என்று ருசுப்படுத்தினார். இன்றைக்கும் அஸ்திவாரம் அந்தக் கணக்குதான்.

தேய்வு என்பது வேறு. தேயாத சக்கரம்தான் நல்ல சக்கரம் என்று நினைப்போம். அப்படியல்ல. மேல்தோலில் மயிரிழைபோல் வெடிப்பு உண்டாகும்போது, தேய்வு அந்தத் தோலையே அரைத்துத் தள்ளிவிடுகிறது. மிகக் கடினமான உருக்கைப் போட்டால் தேய்வு குறையும். வெடிப்புக்கு உள்ளே இறங்க அவகாசம் கிடைத்துவிடலாம். ஆகையால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.

போடாவிட்டால் என்ன ஆகும்? 1998-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி ஜெர்மனியில் மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க்குக்கு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் ஓடிற்று. அதிர்வு குறைவதற்காகச் சக்கரத்துக்கும் வெளி உருக்குப் பட்டைக்கும் நடுவே ரப்பர் வைத்திருந்தார்கள். புதிதில் குறுக்களவு 920 மில்லிமீட்டர். 854 வரை தேயலாம் என்பது அனுமதி. ஒடிந்த சக்கரம் 862-ல்தான் இருந்தது. காகிதத்தில் குற்றமே இல்லை! ஆனால் பட்டை மெலிய மெலிய அதிகமாக வளைந்துகொடுக்கிறது. வெடிப்பு, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் ஆரம்பித்தது.

ஒடிந்த பட்டை பெட்டியின் தரையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. ஒரு பிரயாணி அதைப் பார்த்துச் சிப்பந்தியிடம் ஓடினார். நேரில் பார்க்காமல் வண்டியை நிறுத்தக்கூடாது என்பது விதியாம். சிப்பந்தி பார்க்கப் போனார். தோழர்களே, விதி என்றால் இந்த விதிதான்! மனிதன் எழுதியது, மனிதன் அழிக்கக்கூடியது. அதற்குள் எஷெடே என்ற ஊரில் வண்டி தடம் புரண்டு பாலத்தில் மோதிற்று. பாலம் பெட்டிகளின்மேல் விழுந்தது. 101 பேர் மாண்டார்கள்.

அதன் பிறகு அந்த ஜாதி ரயில்களில் ரப்பர் வைத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒரே கட்டியான உருக்குச் சக்கரங்களை மாட்டினார்கள். மூன்று இன்ஜினீயர்கள்மேல் நடந்த வழக்கு, ஆளுக்குப் பதினாயிரம் யூரோ கட்டச்சொல்லி, தீர்ப்பில்லாமலே 2003-ல் முடிந்தது.