குடிமனையும் விளைநிலமும்

வீரமுனையிலிருந்து கிழக்கே காரைதீவு செல்லும் வழியில் பரந்த நெல்வயல்களைக் காணலாம். அவ்வயல்களுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேயே சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை முதலிய ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. மணமாகும் மகளுக்கு வீடு கொடுத்தல் இங்கு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். ஆதலால் தலைமுறைதோறும் வளவு துண்டுபடுகிறது. இடம் போதாதவிடத்து வயலை மண்ணிட்டு நிரப்புகின்றனர். வீடு பெருக நெல் சுருங்குகிறது; வெள்ளம் வடியும் வழியும் அடைபடுகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்நெருக்கடியை மிகுவித்தது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு முதலில் விதித்தது. கடலை நம்பிய மீனவர் எங்கே செல்வர்? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் எழுந்த 500 வீடுகளோ, நீதிமன்ற வழக்கினால் ஆண்டுக்கணக்காகக் குடியேறுவாரின்றிக் கிடந்தன.

சுவர் எழுப்பிவிட்டால் மட்டும் குடியிருப்பு உண்டாகிவிடாது. மருதமுனை நெசவாளருக்குத் தறி வைக்க இடம் வேண்டும். மீனவருக்குக் கரை அண்மையில் வேண்டும். உழவருக்கு வயல் வயலாகவே இருத்தல் வேண்டும். மாடிகளுக்குத் தனித்தனியே உரிமை பெற 1973ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. மண்ணைப் பிரித்தளிப்பதற்கு மாறாகப் பெற்றோர் மகளுக்கு மேல்மாடியொன்றை அளிப்பாராயின், வழக்கமும் நிலைக்கும், வயலும் நிலைக்கும்.