கோல் வாங்கியவன் முகம்



சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தடியில் நாம் பேசித் தீராத வழக்கு ஒண்ணு உண்டு. கால்பந்தில் அணி தோற்றால் குற்றம் தடுப்பாட்டத்திலா, முன்வரிசையிலா?

சென்னையின் எஃப்.சி. ரசிகர்களிடமும் இதே சண்டைதான். 2018 மார்ச்சில் பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் 3-2 என்று கோப்பையை வென்றார்கள். இரண்டு கோல் தலையால் முட்டிப் போட்டவர் மெயில்சன் ஆல்வெஸ். அவர் ஸ்டாப்பர், ஐயா! அடுத்த சீசனில் 18 ஆட்டம், 9 புள்ளி, கடைசி இடம். 32 கோல் வாங்கினார்கள். டிஃபென்ஸ் ஓட்டைன்னு ஒரே திட்டு. அடித்தது வெறும் 16 என்பதை எத்தனை பேர் பேசினோம்?

2020-21ஐப் பாருங்கள். 20 ஆட்டத்தில் வாங்கியது 23, அடித்தது 17. பதினொரு ஆட்டம் டிரா. எட்டாவது இடம்.

நான் பொறியாளன். பைப் வெடித்தால், வெடித்த இடத்தை மட்டும் பார்க்க மாட்டோம். அழுத்தம் எங்கிருந்து வந்ததுன்னு தேடுவோம். முன்னால் பந்தைத் தக்கவைக்க ஆளில்லேன்னா அது உடனே திரும்பி வரும். ஸ்டாப்பர் ஓடி ஓடி, எண்பதாவது நிமிஷத்தில் கால் தடுமாறும். கோல் விழுந்ததும் எல்லார் கண்ணிலும் படுவது அவன் முகம்தான். முன்னால் கோட்டை விட்டவன் முகம் யாருக்கு ஞாபகம்?

நம் கல்லூரி அணியில் ஸ்டாப்பர் ஆடும் தம்பி, போன தோல்விக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரலையாம். சாயங்காலம் அஞ்சரைக்குப் பயிற்சி. ஃபார்வர்டு ஆடுற தம்பிகளா, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க.