பேசப் பழகுவோம், சிரிக்கவும் பழகுவோம்

(யூபிலி ஆண்டையொட்டி நம் பங்குப் பேச்சு மன்றக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, பந்தல், சமபந்தி விருந்து ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. பந்தல் இருந்தால் ஒலிபெருக்கி இருக்கும். ஒலிபெருக்கி இருந்தால் அதன் முன்னே நின்று பேச ஆள் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. விருந்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்று கேட்டால் நம் விழாக் குழுவில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். வரவேற்புரை யார் என்று கேட்டுவிட்டாலோ, அந்தப் பத்துப் பேரும் ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று மேலே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்!

பேசத் தெரியாததனாலா இந்த மௌனம்? இல்லை. கோயில் முற்றத்தில் நின்றால் நம்மவர் பேச்சு ஓய்வதே இல்லை. பிறர் சிரித்துவிடுவார்களே என்ற அச்சம்தான் நம் வாயைக் கட்டிப் போடுகிறது. ஆகவே இன்று பேச்சைப் பற்றிச் சொல்வதைவிடச் சிரிப்பைப் பற்றியே சற்று அதிகம் சொல்ல விரும்புகிறோம். ஒரு சிரிப்பு ஒருவருடைய வாயை ஆயுள் முழுவதும் அடைத்துவிட முடியும். மற்றொரு சிரிப்பு அதே வாயைத் திறந்துவிடவும் முடியும். பேச்சு மன்றம் என்பது இந்த இரண்டாவது சிரிப்பைப் பழக்குகிற இடம்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள பேச்சுப் பயிற்சி மன்றங்களுக்கு முன்னோடி ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர். கிறிஸ்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய இவர், அங்கு வந்த இளைஞர்களுக்குக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வரவில்லையே என்று கவலைப்பட்டு, 1905ஆம் ஆண்டளவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறு மன்றம் தொடங்கினார். பின்னர் 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவில் உள்ள சாந்தா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் கூடிய கூட்டமே 'டோஸ்ட்மாஸ்டர்ஸ்' இயக்கத்தின் பிறப்பாகக் கொள்ளப்படுகிறது. விருந்துகளில் தலைமை தாங்கி, பேசுவோரை ஒவ்வொருவராக அழைப்பவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. இதை நம் மன்றத்தில் முதன்முதலாக விளக்கியபோது ஒரு தாயார், "அப்போ பேசி முடிச்சா ரொட்டி தருவாங்களா சாமி?" என்று கேட்டார். ரொட்டி கிடையாது, கைதட்டுதான் என்றோம். "அது வயித்துக்குப் போதாதே" என்றார். அன்றிலிருந்து நம் மன்றத்தில் கூட்டம் முடிந்ததும் சாயாவும் ஏத்தங்காய் வற்றலும் வழங்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஆளும் தவறாமல் வருகிறார்கள்!

இந்த மன்றங்களின் நடைமுறை மிக எளிது. முன்கூட்டியே ஆயத்தம் செய்தவர்கள் 5 முதல் 7 நிமிடம் பேசுவார்கள். பிறகு ஆயத்தம் செய்யாதவர்களை எழுப்பி, அந்த இடத்திலேயே ஒரு பொருளைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் செய்வார்கள். நேரம் பார்க்க ஒருவர், மொழிப் பிழை பார்க்க ஒருவர், தடுமாறும் ஒட்டுச் சொற்களை எண்ண ஒருவர், பேச்சை மதிப்பிட ஒருவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. இப்பொறுப்புகள் கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறும். இன்று எண்ணுகிறவர் நாளை எண்ணப்படுவார். இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். இதன் பயனைப் பின்னர் சொல்கிறோம்.

நம் இளைஞர்கள் இப்பொறுப்புகளுக்குச் சூட்டிய பெயர்கள் சுவையானவை. நேரம் முடிந்ததும் மணி அடிப்பவர் 'மணியக்காரர்'. ஒட்டுச் சொற்களை எண்ணுகிறவர் 'கணக்கப்பிள்ளை'. ஒருநாள் கணக்கப்பிள்ளை எழுந்து, "இன்று பேசிய அண்ணன் 'வந்து' என்ற சொல்லை 23 முறை சொன்னார். 23 முறை வந்தவர் ஒரு முறைகூடப் போகவில்லை" என்று அறிக்கை படித்தார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பேசிய அண்ணன் மெதுவாக எழுந்து, "இந்த அறிக்கையில கணக்கப்பிள்ளை 'அதாவது'ன்னு 9 தடவை சொன்னாரு. அதையும் வந்து எழுதிக்கிடுங்க" என்றார். முன்னதைவிடப் பெரிய சிரிப்பு! 'வந்து' 24 ஆயிற்று என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நேரத்தைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகளோ அட்டைகளோ பயன்படுத்துவது எங்கும் உள்ள வழக்கம். குறைந்த அளவு நேரம் ஆகிவிட்டது என்பதற்குப் பச்சை, முடிக்க ஆயத்தமாகுங்கள் என்பதற்கு மஞ்சள், முடியுங்கள் என்பதற்குச் சிவப்பு. நம் உபதேசியார் ஒருவர் பச்சை அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, முன்னிலும் விரிவாகப் பேசத் தொடங்கிவிட்டார். பிறகு கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தை மறுப்பதற்கில்லை: "பச்சை ஆண்டின் பொதுக்காலத்துக்கு உள்ள நிறம் அல்லவா? அது 33, 34 வாரம் நீளுமே!" அப்படியானால் சிவப்பு? அது மறைசாட்சியருக்கு உரிய நிறம். சிவப்புக்குப் பிறகும் ஒருவர் பேசினால், கேட்டுக் கொண்டிருப்பவர்களே மறைசாட்சியர் ஆகிறார்கள்!

இது வெறும் வேடிக்கை அன்று. துரோவா நகரில் புனித பவுல் நள்ளிரவு வரை பேசிக் கொண்டிருந்தபோது, சன்னலில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்த செய்தி திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில் உள்ளது. நல்ல வேளையாக அவர் பிழைத்தார். பவுலடியாரோ மேலே ஏறிப் போய், விடியும் வரை தொடர்ந்து பேசினார்! அந்தக் கூட்டத்தில் மணியக்காரர் இல்லை. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் மாதத்தில், மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டலாகாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று குருக்களுக்கு அறிவுறுத்தினார். அந்தச் செய்தியை நாம் பீடத்திலிருந்து அறிவிப்பதற்கு முன்பே நம் பங்கு மக்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். வேறு எந்தத் திருமடலும் இவ்வளவு விரைவாகப் பரவியதில்லை. கேட்பவருடைய நேரம் நமக்கு அவர் தருகிற காணிக்கை. அதை வீணாக்காமல் இருப்பதே பேச்சாளர் காட்டும் முதல் மரியாதை.

அடுத்து, சீட்டு எடுத்துப் பேசும் பகுதி. மிட்டாய் டப்பாவில் சீட்டுகள் போடப்பட்டிருக்கும். கை விட்டு எடுத்ததைப் பற்றிப் பேச வேண்டும். சமையற்கலை வல்ல பாட்டியின் கையில் கிரிக்கெட்டும், கல்லூரி மாணவன் கையில் மரச்சீனிக் கிழங்கும் வந்து சேரும். அப்படி ஒரு நாள், ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெரியவர் ஒருவர் எடுத்த சீட்டில் 'விண்வெளிப் பயணம்' என்று இருந்தது. சிலர் வாயைப் பொத்திக் கொண்டார்கள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விடியதுக்கு முன்னே நான் பால் வெட்டப் போவேன். தலையில லைட்டு கட்டியிருப்பேன். மேலே பார்த்தா நட்சத்திரம். தூரத்துல பார்த்தா தோட்டத்துல மற்றவங்க கட்டியிருக்க லைட்டு. எது வானம், எது பூமின்னு தெரியாது. எனக்கு ராக்கெட்டு வேண்டாம். ஒரு கத்தியும் ஒரு வாளியும் போதும்." பச்சை அட்டைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். பொத்திய கைகளே தட்டின.

இந்தப் பெரியவர் எத்தனை ஆண்டுகளாக நம் கோயிலின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார்! அவருக்குள் இப்படி ஒரு பேச்சு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மதிப்பீட்டிலும் இந்த மன்றங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு திருத்தத்தைச் சொல்ல வேண்டும், இறுதியில் ஊக்கம் தர வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியதை ஆறாம் வகுப்புச் சிறுமி மதிப்பிட்டாள். "சார் நல்லாப் பேசினாங்க. ஆனா எங்களைப் பார்க்காம ஃபேனையே பார்த்துப் பேசினாங்க. அடுத்த தடவை எங்களையும் பார்த்தா இன்னும் நல்லா இருக்கும்." தலைமையாசிரியர் எழுந்து, "சரி டீச்சர்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் நடத்திய பாடம் பெரிது.

சிரிப்பும் சிந்தனையும் கலந்த வேறொரு செய்தியும் உண்டு. தொடக்கத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஆண்கள் மட்டுமே உறுப்பினர். 1970இல் ஹெலன் பிளான்சார்டு என்ற பெண்மணியைச் சேர்த்துக் கொள்ள விரும்பிய ஒரு மன்றத்தார், படிவத்தில் 'ஹோமர்' என்று ஆண் பெயரை எழுதி அனுப்பி அவரை உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள்! 1973இல் பெண்களுக்குக் கதவு முறைப்படி திறந்தது. 1985இல் அதே ஹெலன் அம்மையார் அந்த உலக இயக்கத்தின் முதல் பெண் தலைவரானார். நம் திருச்சபையிலும் 1972இல் வாசகர் பணி பொதுநிலை ஆண்களுக்குத் திறக்கப்பட்டது. பெண்களும் அப்பணியில் முறையாக ஏற்படுத்தப்படலாம் என்ற ஆணை 2021 ஜனவரியில் வந்தது. ஆணை வந்துவிட்டது. நம் சகோதரியர் பலர்தாம் வாசக மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அழைத்தால் "எனக்கு நாக்கு குழறும் சாமி" என்கிறார்கள்.

நாக்கு குழறுவது தடையா? சவூதி அரேபியரான முகமது கஹ்தானி சிறுவயதில் திக்கிப் பேசியவர். 2015ஆம் ஆண்டு டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றவரும் அவரே. மேடைக்கு வந்தவர் ஒரு சிகரெட்டை வாயில் வைத்துப் பற்றவைக்கப் போனார். அவை திகைத்துப் பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பிலேறித் தம் பேச்சைத் தொடங்கினார். தலைப்பு 'சொற்களின் வலிமை'. ஏன், நம் மோசேயும் தமக்கு நாவன்மை இல்லை என்று இறைவனிடமே சாக்குச் சொன்னவர்தாமே? அதே மோசேயின் உரைகளால்தான் இணைச்சட்ட நூல் பெரிதும் நிரம்பியிருக்கிறது.

நம் வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அவையறிதலுக்கு ஒன்று, அதை அடுத்து அவை அஞ்சாமைக்கு ஒன்று. முதலில் அவையை அறிய வேண்டும், பிறகு அச்சம் நீங்கும் என்ற வரிசையைக் கவனியுங்கள். கேள்விக்கும் தனி அதிகாரம் உண்டு. பேசுகிறவர் ஒருவர் என்றால் கேட்கிறவர் பலர். அந்தப் பலரும் சரியாக இருந்தால்தான் அந்த ஒருவர் தேறுவார்.

தக்கலை மக்களாகிய நமக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. ஞானி பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் இரவு முழுவதும் தமிழில் ஓதப்படும் ஊர் இது. தமிழ் பேசும் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடை உள்ளிட்ட இடங்களில் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் உயிர் துறந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அந்தத் தமிழில் நாலு பேர் முன் நாலு வார்த்தை பேச நாம் கூசலாமா? நம் சுற்றூர் ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடவேண்டும் என்பது ஏற்பாடு. குழாயில் தண்ணீர் வராத துன்பத்தை வீட்டில் நாள்தோறும் பேசுகிற தாய், சபையில் ஒரு நிமிடம் எழுந்து சொன்னால் அது பதிவாகும். சொல்லாவிட்டால் குறையே இல்லை என்றுதான் ஏட்டில் இருக்கும்.

முன்பு மனத்தில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக் கொள்வோம். இன்று எண்ணுகிறவர் நாளை எண்ணப்படுகிறார். அதனால்தான் மன்றத்தின் சிரிப்பில் நஞ்சு இல்லை. எல்லாருடைய பிழையும் எண்ணப்படும் இடத்தில் எவருடைய பிழையும் அவமானம் ஆவதில்லை. மேலே நின்று கீழே விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பது ஏளனம். அவரோடு நாமும் ஒரு முறை விழுந்து எழுந்து சிரிப்பது தோழமை. பள்ளியில் ஒரு நாள் எழுந்த ஏளனச் சிரிப்பால் வாழ்நாள் முழுதும் வாய்மூடிப் போனவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வாயை அறிவுரையால் திறக்க முடியாது. நம் கைதட்டலும் நம் நல்ல சிரிப்பும்தான் திறக்கும்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் குடும்பத்துக்கு ஒருவராவது இம்மன்றத்தில் ஒரு முறை பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக் கொள்கிறோம். பேச வராதவர்கள் வந்து கேளுங்கள். கேட்க வந்தவர்கள் தவறாமல் கைதட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கான பட்டியலில் ஓரிடம் காலியாக இருக்கிறது. தயவுசெய்து யாரும் ஓட்டைப் பார்க்க வேண்டாம். ஒழுக்கு இல்லை, சென்ற மாதமே அடைத்துவிட்டார்கள்.

மணியக்காரர் சிவப்பு அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். இறைவன் உங்கள் நாவையும் செவியையும் ஆசீர்வதிப்பாராக.