யாரோடு ஒப்பிட்டார்கள்?



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் மயிலாப்பூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருடைய தமையனாருக்கு மனச்சிதைவு நோய். மருந்து உண்டு வருகிறார்; ஆயினும் நாளெல்லாம் புகைக்கிறார். "ஐயா, இந்நோய் உடையவர்கள் மிகுதியாகப் புகைப்பார்கள் என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றனவாம். மூளையே புகையைக் கேட்கிறதாம். தடுத்துப் பயனில்லை என்று விட்டுவிட்டோம்" என்றார். செய்தித் துணுக்கு ஒன்றை நம்பி ஒரு குடும்பம் தன் முயற்சியையே கைவிட்டுவிட்டது. அன்று அவரிடம் கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

ஆராய்ச்சி என்றவுடன் அஞ்சவும் வேண்டா. அப்படியே ஏற்கவும் வேண்டா. மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

முதல் வினா: யாரை எண்ணினார்கள்? தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நின்று எண்ணினால், சென்னை மக்கள் அனைவரும் துணிப்பையோடுதான் நடக்கிறார்கள் என்று தோன்றும். அதே நாளில் அடையாற்றுக் கடற்கரையில் எண்ணினால் கணக்கு மாறிவிடும். எண்ணிக்கை பொய்யன்று, எண்ணிய இடம் வேறு.

இரண்டாம் வினா: யாரோடு ஒப்பிட்டார்கள்? இதற்கு நம் நகரிலேயே நல்ல சான்று உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-ஆம் ஆண்டில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பலர் அறிவர். டாக்டர் சீனிவாசன், டாக்டர் தாரா ஆகிய இருவரும், சென்னையில் இந்நோய்க்கு மருத்துவம் பெற்று வந்த ஆடவர் 286 பேரை ஆராய்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் நூற்றுக்கு 38 பேர். உடல்நோய்க்கு மருத்துவம் பெற்றவரோடு ஒப்பிட்டால் இது மிகுதி. நம் நாட்டின் பொதுவான ஆடவரோடு ஒப்பிட்டாலோ மிகுதியன்று. எண் ஒன்றுதான், ஒப்பீடு மாறியவுடன் பொருளும் மாறிவிட்டதைப் பாருங்கள்.

மேல்நாட்டு ஆராய்ச்சிகள் பலவற்றில் இந்நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் புகைத்தனர். நோய் மட்டுமே காரணமாயின் சென்னையிலும் அவ்வாறே இருந்திருக்க வேண்டும் அன்றோ? ஆகவே கையில் புழங்கும் பணம், குடும்பத்தின் கண்காணிப்பு, ஊர் வழக்கம் ஆகியவற்றிற்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் இவ்வாராய்ச்சி ஆடவரை மட்டுமே நோக்கியது என்பதையும் மறவாதீர்கள். பெண்களைப் பற்றி இதிலிருந்து எதுவும் கூற இயலாது.

மூன்றாம் வினா: எது முந்தியது? பழக்கம் நோயைத் தந்ததா, நோய் பழக்கத்தைத் தந்ததா? சுவீடன் நாட்டில் படைப்பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் கஞ்சாப் பழக்கத்தைப் பற்றி முதலிலேயே கேட்டறிந்து, பதினைந்து ஆண்டுக் காலம் அவர்கள் நிலையைக் கணித்தார்கள். 1987-இல் வெளியான முடிவின்படி, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வருவது, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. நோய்க்கு முன்பே கேட்டு வைத்ததனால் இச்சான்று வலிமை உடையது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளும் இதே திசையைக் காட்டின. 'ஆறு மடங்கு' என்றால் புகைத்தவர் அனைவரும் நோயுற்றனர் என்பது பொருளன்று, பெரும்பாலோர் நோயுறவில்லை. ஆயினும் எவர் தப்புவார், எவர் அகப்படுவார் என்பதை முன்கூட்டியே கூற வல்லவர் யாருமில்லை. இளைஞர்கள் விலகி நிற்க இஃதொன்றே போதும்.

என் மாணவரிடம் இவற்றைக் கூறிவிட்டு, "விதி என்று விட்டுவிடாதே, மருத்துவரைக் கேள்" என்றேன். புகையை நிறுத்தினால் மனநோய் மருந்துகள் சில இரத்தத்தில் மிகுந்துவிடும். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். ஆகையால் மருத்துவருக்குத் தெரிவித்த பின்னரே நிறுத்த வேண்டும்.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார். தமையனாரின் புகைப்பழக்கம் முற்றும் ஒழியவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. "அப்படியானால் ஆராய்ச்சி உண்மைதானே, ஐயா?" என்றார். "ஒருவரை வைத்து ஆராய்ச்சியை மெய்ப்பிக்க முடியாது, தம்பி. ஆனால் உங்கள் வீட்டில் முயற்சி மீண்டும் தொடங்கிவிட்டது, எனக்கு அது போதும்" என்றேன்.