உறுதிமொழிக்கு ஓய்வில்லை



படையில் சேர்ந்தபோது, இந்திய அரசியல் அமைப்புச் சட்டத்தின்பால் மெய்ப்பற்றுடையோராய் இருப்போமென்றே நாங்கள் முதற்கண் உறுதி கூறினோம். உயிர்க்கு இடர் நேரினும் மேலோர் கட்டளைக்குப் பணிவோமென்பது அதன் பின்னர்தான். ஓய்வு பெற்றதும் பிந்தியது முடிந்தது; முந்தியதைத் திரும்பப் பெற எவரும் எங்களை அழைக்கவில்லை.

அச்சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சுபேதார் ராம்ஜியின் மைந்தர் அண்ணல் அம்பேத்கர் அல்லவா? அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எல்லையில் காவல் நின்று ஊர் திரும்பிய எங்களில் சிலருக்கோ, தேநீர்க் கடையில் தனிக்குவளை நீட்டப்பட்டது. நாங்கள் அதைத் தொடவில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் முறையிட்டோம். அம்முறையீட்டை வரைந்து தந்தவன், நம் சங்கத்தின் இரவுப் பள்ளியில் பயின்ற மாணவன்.