செக்ரோலில் ஒரு பிழை



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையைக் காண விமானத்தில் செல்லும் நம்மவர்கள் சாங்கியில்தான் இறங்குகிறார்கள். அதற்குப் பக்கத்து ஊர் பாசிர் ரிஸ். அங்குள்ள ஒயிட் சாண்ட்ஸ் என்னும் கடைத்தொகுதியில், எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று காட்டும் கணிப்பொறித் திரைகள் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம், கடைகளின் பெயர் வர வேண்டிய இடத்தில் மிரட்டல் வந்தது: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் கட்டினால் திறப்போம் என்று. தியோங் பாருவிலும் அதே கதை. இரண்டு கடைத்தொகுதிகளிலும் சேர்த்து 12 திரைகள். வன்னாகிரை என்பது அந்தக் கிருமியின் பெயர். தங்கள் பணியாளர் ஒருவரின் தவறு என்றது, திரைகளை நடத்திய நிறுவனம். ஒருவர் தலையில் போடுவது எளிது; மூலப் பிழை வேறு இடத்தில் இருந்தது.

விண்டோஸ் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கொடுத்து வாங்க ஒரு சர்வர் நிரல் உண்டு. வெளியிலிருந்து வரும் சரக்கை அது முதலில் அளந்து, அதற்கேற்ற இடத்தை நினைவகத்தில் ஒதுக்கும். பிழை அந்த அளவில்தான்.

நம் தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் 1005 என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரிபார்த்ததில் 960 என்று தெரிகிறது. முழு எண்ணையும் அடிக்காமல் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் திருத்தினால் என்ன ஆகும்? 1060 ஆகிவிடும்! குறைய வேண்டிய கணக்கு கூடிவிட்டது. ஸ்டோரில் 960 மூட்டைக்குத்தான் இடம் விட்டிருக்கிறது. கணக்கைப் பார்த்து 1060 மூட்டையை இறக்குகிறார்கள். மிஞ்சிய 100 மூட்டை அடுத்த அறையில் போய் விழுகிறது. அடுத்த அறையிலோ, இனி என்ன வேலை செய்வது என்று எழுதிய சீட்டு இருக்கிறது. திருடன் தன் சீட்டை அந்த 100 மூட்டைக்குள் வைத்து அனுப்பினால், பழைய சீட்டு மறைந்து அவன் சீட்டு மேலே நிற்கும். கணிப்பொறிக்குக் கையெழுத்துப் பார்க்கத் தெரியாது. மேலே உள்ள சீட்டின்படி நடக்கும். சர்வர் நிரலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நான்கு பைட்டில் எழுதிய அளவில் இரண்டு பைட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியே ஓடுவதுபோல ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. மே 12இல் தொடங்கி 150 நாடுகளுக்கும் மேல் பரவியது.

பாசிர் ரிஸில் கடைக்கு வழி தெரியாமற் போனது, அவ்வளவே. சிங்கப்பூரின் அரசு அலுவலகங்களுக்கும் முக்கிய சேவைகளுக்கும் பாதிப்பில்லை என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. இங்கிலாந்திலோ மருத்துவமனைகள் சிக்கின. நோயாளியின் பதிவேடு திறக்கவில்லை. அவசர வண்டிகளை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். ரத்தான சந்திப்புகளும் சிகிச்சைகளும் 19,000க்கு மேல் இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரிச் சீட்டோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பிப் போ என்று கேட்டவர்களுக்கு இதன் வேதனை தெரியும்.

இதில் நமக்கு ஆற்றாமை தருவது ஒன்றுண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் இந்தப் பிழைக்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் தேதியே, விலையில்லாமல் வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள். அந்த மருத்துவமனைகளில் கெட்ட கணிப்பொறிகளில் பெரும்பாலானவை பழைய எக்ஸ்பி கூட அல்ல; திருத்தம் கிடைக்கக்கூடிய விண்டோஸ் 7. போடுவதற்குத்தான் ஆளில்லை.